கறுப்புத் துகளைக் கண்டால் போதுமா?

புதுக்கோட்டைச் செம்மண்ணில் ஒரு கிராம் எடுத்தால் அதற்குள் கோடிக்கணக்கில் பாக்டீரியாக்கள் இருக்கும். அவற்றுள் சில, தீனி மிஞ்சும்போது அதை உடம்புக்குள்ளேயே ஒருவகைப் பிளாஸ்டிக்காக மாற்றிச் சேர்த்துவைக்கின்றன, விளைச்சல் மிஞ்சிய வீட்டில் குதிர் நிறைவதுபோல. பிரான்சின் பாஸ்டர் நிறுவனத்தில் மோரிஸ் லெமோய்ன் 1920களிலேயே 'பேசில்லஸ் மெகாட்டீரியம்' என்ற மண் பாக்டீரியாவில் இதைக் கண்டறிந்தார். இந்தப் பிளாஸ்டிக்கைச் சுருக்கமாக பிஎச்பி என்கிறார்கள். சுமார் 175 டிகிரியில் உருக்கி வார்க்கலாம்; மண்ணில் கிடந்தால் மற்ற நுண்ணுயிர்கள் அதைத் தின்று தீர்த்துவிடும். இத்தகைய பாக்டீரியாவை உள்ளூர் மண்ணில் தேடுவது ஒரு சாதாரணக் கல்லூரி ஆய்வகத்துக்கும் எட்டுகிற வேலைதான். பிஎச்பி செய்கிறதா என்று மட்டும் கேட்டு அந்தத் தேடலை முடித்துவிடக் கூடாது. நம்மூரில் வீணாகும் எதைத் தின்று அதைச் செய்கிறது என்பதையும் தொடக்கத்திலேயே கேட்டாக வேண்டும்.

தேடும் முறை எளியது. மண்ணை உப்புநீரில் கரைத்து, படிப்படியாக நீர்க்கச் செய்து, அகார் தட்டில் பரப்புகிறார்கள். வளர்ந்த புள்ளிகளை, சர்க்கரை தாராளமாகவும் நைட்ரஜன் குறைவாகவும் உள்ள தீனிக்கு மாற்றுகிறார்கள். நைட்ரஜன் போதாதபோது பாக்டீரியாவால் பெருக முடியாது. கையில் இருக்கும் சர்க்கரையைச் சேமிப்பாக்கிக்கொள்கிறது. பிறகு சூடான் பிளாக் என்ற சாயத்தை ஊற்றி, சாராயத்தால் கழுவினால், சேமிப்பு உள்ள புள்ளிகள் மட்டும் கருநீலமாக நிற்கும். நுண்ணோக்கியில் பாக்டீரியாவின் உடலுக்குள் கறுப்புத் துகள்கள் தெரியும். பார்க்கப் பரவசமான காட்சி. ஆனால் சாதாரணக் கொழுப்பும் இதே சாயத்தை ஏற்கும் என்பதால் இதை மட்டும் நம்பக் கூடாது. துகளைப் பிரித்தெடுத்து, கந்தக அமிலத்தில் சூடாக்கி, அது குரோட்டோனிக் அமிலமாக மாறுகிறதா என்று அளந்த பிறகே பிஎச்பி என்று சொல்ல முடியும். அந்தச் சோதனையில் தேறினாலும் பாதிக் கேள்விதான் தீரும். ஆய்வகம் ஊட்டியது சுத்தமான குளுக்கோஸ். ஒரு கிலோ பிஎச்பி எடுக்க ஏறத்தாழ மூன்று கிலோ சர்க்கரை செலவாகும்; உற்பத்திச் செலவில் கிட்டத்தட்ட பாதி தீனிக்கே போய்விடும். பெட்ரோலியப் பிளாஸ்டிக்கைவிட பிஎச்பி பல மடங்கு விலை விற்பதற்கு இது முக்கியக் காரணம்.

அந்தத் தீனி நம்மூரிலேயே வீணாகிக் கிடக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்து ஆதனக்கோட்டை முந்திரிக்குப் பேர்போன ஊர். கொட்டைக்கு விலை உண்டு. பழம் பெரும்பாலும் மரத்தடியிலேயே அழுகுகிறது. அதன் சாற்றில் பத்து சதவீதம் அளவுக்குச் சர்க்கரை இருக்கிறது, கூடவே தொண்டையைப் பிடிக்கும் டானினும். டானின் பல நுண்ணுயிர்களுக்கு ஆகாது. ஆண்டுதோறும் பழம் அழுகும் அந்த மண்ணில் பிழைத்திருப்பவை, சர்க்கரைக்கும் டானினுக்கும் பழகியவையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த மண்ணை எடுத்து, முந்திரிப்பழச் சாற்றையே தீனியாக வைத்துத் தேடினால், விடை கிடைக்கும் தட்டிலேயே அதன் பயனும் தெரிந்துவிடும். சாறு ஒரே நாளில் புளித்துவிடும், பருவமும் இரண்டு மூன்று மாதம்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வெல்லம் காய்ச்சத் தெரிந்த ஊருக்குச் சாற்றைப் பாகாக்கி வைப்பது புதிய வித்தையல்ல; எரிபொருள் செலவைக் கணக்கில் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மரபணு மாற்றிய பாக்டீரியாக்கள் இருக்கும்போது மண்ணை ஏன் கிளற வேண்டும் என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். இதற்குப் பதில் சீனாவில் இருக்கிறது. சின்ஜியாங்கின் ஐடிங் உப்பேரியில் கிடைத்த 'ஹாலோமோனாஸ்' பாக்டீரியா கடும் உப்பில் வளர்ந்தே பிஎச்பி செய்வது. அந்த உப்பில் வேறு கிருமிகள் தலையெடுக்காததால், தொட்டியை நீராவியால் கிருமிநீக்கும் செலவே மிச்சமாகிறது. சிங்ஹுவா பல்கலைக்கழகத்தார் அதில் மரபணு வேலை செய்தது உண்மை. ஆனால் அஸ்திவாரமான அந்தக் குணத்தைக் கொடுத்தது ஓர் உப்பேரி. நம் நாட்டிலும் பாவ்நகரிலுள்ள மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம், காட்டாமணக்கு பயோடீசலின் கழிவிலிருந்து கடல் பாக்டீரியாக்களைக் கொண்டு இதே வகைப் பாலிமரை எடுத்துக் காட்டியிருக்கிறது. கழிவையும் கிருமியையும் சேர்த்தே தேர்ந்தெடுத்ததால் வந்த பலன் அது. புதுக்கோட்டைக் கடலோரத்தில் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கத்து உவர்மண்ணையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம்.

மக்கிவிடும் என்று சொன்னால் ஜனங்கள் கண்ட இடத்தில் வீசுவார்களே என்ற அச்சமும் சரியானதே. சூடும் ஈரமும் போதாத இடத்தில் பிஎச்பியும் மெதுவாகத்தான் மக்கும். பொருள் தடிமனாக இருந்தால் இன்னும் தாமதமாகும். ஆகவே கடைப் பையிலும் டீக்கோப்பையிலும் தொடங்க வேண்டாம். அவற்றுக்கு மஞ்சப்பையும் டம்ளரும் போதும். மண்ணுக்குள் போயே தீர வேண்டிய பொருளில், உதாரணமாக நாற்றங்கால் பையில், தொடங்கலாம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறைப் பிளாஸ்டிக் தடை இருந்தும், அரசுத் துறைகளுக்கான நாற்றங்கால் பைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. பிஎச்பி தனியாக நொறுங்கும் தன்மையுள்ளது, அதைக் கொஞ்சம் நெகிழவைக்கும் கலவை தேவை. அப்படி ஒரு பை கிடைத்தால், அதைக் கிழிக்காமலே கன்றோடு குழியில் இறக்கிவிடலாம். வேர் பரவப் பரவ அந்தக் குழியின் மண் பாக்டீரியாக்களே பையைத் தின்றுவிடும்.