பெயருக்கு எண் சொல்பவர் யார்?



தோட்டத்துக்கு வரும் கடிதம் முதலில் ஆபீசுக்குத்தான் வரும். உறையின்மேல் பெயர் இருக்கும். அந்தப் பெயருக்குரியவர் எந்த லயத்தில், எத்தனாம் நம்பர் வீட்டில் இருக்கிறார் என்பது கிராணிக்குத் தெரியும். கணினிக்கும் இப்படி ஒரு கிராணி உண்டு. அதற்கு டி.என்.எஸ். சர்வர் என்று பெயர்.

கணினிகள் ஒன்றையொன்று எண்களால் அறிகின்றன. நமக்கோ பெயர்தான் நினைவில் நிற்கும். நாம் வங்கியின் பெயரைத் தட்டியதும், கணினி இந்தச் சர்வரிடம் எண்ணைக் கேட்டு அறிகிறது. அதன் பிறகே பக்கம் திறக்கிறது. 1983-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் பால் மொக்கபெட்ரிஸ் இம்முறையை வகுத்தார்.

கிராணி தவறாகச் சொன்னால் கடிதம் வேறு வீட்டுக்குப் போய்விடும் அல்லவா? அதுபோலவே, மோசக்காரர்கள் தங்கள் சர்வரின் எண்ணை நம் கணினியில் புகுத்திவிட்டால், வங்கியின் பெயருக்குப் போலிப் பக்கம் திறக்கக்கூடும். பாடுபட்டுச் சேர்த்த பணம் பறிபோகலாம். ஆகவே, பாதுகாப்பு எச்சரிக்கை தோன்றினால் அதைத் தாண்டிப் போகக்கூடாது.

நம் கணினி யாரைக் கேட்கிறது என்று பார்ப்பது எளிது. விண்டோஸ் 11 கணினியில் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, ஹார்ட்வேர் ப்ராப்பர்டீஸ் என வரிசையாகத் திறந்தால், டி.என்.எஸ். சர்வர் என்ற வரியில் எண் தெரியும். 192.168 என்று தொடங்கினால் அது பெரும்பாலும் வீட்டிலுள்ள இணையப் பெட்டியாகும். 8.8.8.8 கூகிளுடையது, 1.1.1.1 கிளவுட்ஃபிளேருடையது. அறியாத எண் இருந்தால், இணையச் சேவை தரும் நிறுவனத்தைக் கேட்டுத் தெளிவு பெறலாம்.

ஆனால் எழுதியிருக்கும் எண்தான் விடை சொல்கிறது என்றும் எப்போதும் நம்பிவிட முடியாது. நம் ஸ்ரீ கெம்பாங்கானுக்குத் தெற்கே சைபர்ஜெயாவில் இருக்கிறது மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம். வெளிச் சர்வர்களுக்குப் போகும் கேள்விகளை இணைய நிறுவனங்கள் தங்கள் சர்வர்களுக்கே திருப்பிவிட வேண்டும், 2024 செப்டம்பர் 30-க்குள் இதைச் செய்ய வேண்டும் என்று அது பணித்தது. சூதாட்டம் முதலிய தீய தளங்களைத் தடுப்பதே நோக்கம் என்றது. அப்படிச் செய்தால், நாம் 8.8.8.8 என்று எழுதியிருந்தாலும் விடை சொல்பவர் வேறொருவராகிவிடுவார். நாம் யாரைக் கேட்பது என்பதை நாமே தீர்மானிக்கக் கூடாதா என்று மக்கள் எதிர்த்தனர். செப்டம்பர் 8-ஆம் நாள், இதைத் தொடர வேண்டாம் என்று அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் ஆணையத்தைக் கேட்டுக்கொண்டார்.

நேயர்களே, கிராணி யார் என்று தெரிந்திருந்தால்தான் கடிதம் தவறும்போது யாரைக் கேட்பது என்று தெரியும். இன்று மாலையே பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு அந்த ஒரு வரியைப் பார்த்துவிடுவோம்.