துருவன் நெஞ்சில் தைத்த சொல்

தந்தை உத்தானபாதனின் மடியில் அமர விரும்பிய ஐந்து வயதுத் துருவனைச் சிற்றன்னை சுருசி கடுஞ்சொல் கூறித் தடுத்தாள். தந்தையோ வாய் திறக்கவில்லை. தாய் சுநீதி தேற்றி, ஹரியைச் சரணடையச் சொன்னாள். துருவன் தவமிருந்து இறைவனை நேரில் கண்டான்.

ஆயினும் அச்சொல்லம்பு அவன் நெஞ்சில் தங்கியிருந்தமையால், முக்தியை வேண்டாது போனான் என்கிறது ஸ்ரீமத் பாகவதம். அரசனான பின், சுருசியின் மகன் உத்தமனை யக்ஷன் ஒருவன் கொன்றபோது, குற்றமற்ற யக்ஷர் பலரையும் சினத்தால் வதைத்தான். பாட்டனார் சுவாயம்புவ மனு பரிவுடன் அறிவுறுத்திய பின்னரே சினம் தணிந்தான்.

அடியும் ஏச்சும் பெற்று வளர்ந்தோர் வாலிபத்தில் தம்மையே தாழ்வாக எண்ணுவதும், சிறு சொல்லுக்கும் சீறுவதும், எவரையும் நம்பாது ஒதுங்குவதும் மனநல மருத்துவர்கள் அறிந்தவையே. 2007-இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வின்படி, குழந்தைகளில் மூவரில் இருவர் உடல்ரீதியான துன்புறுத்தலுக்கு ஆளாகியிருந்தனர்.

கண்டிப்பு வேறு; இழிவுபடுத்துதல் வேறு. பிள்ளையை இழித்துரைக்கும் வேளையில் உத்தானபாதனைப் போல் பெரியோர் மௌனம் காத்தலாகாது. முன்பே காயமுற்ற பேரன் பேத்தியரிடம் குறை கூறாது, அவர்கள் சொல்வதைச் செவிமடுத்தல் வேண்டும். தேவையெனில் மருத்துவரிடமும் அழைத்துச் செல்லலாம். சுநீதியின் ஆறுதலும் மனுவின் பரிவும் தாத்தா பாட்டிகளால் இயல்வனவே.