பழைய காரும் புதிய குளிர்ச்சியும்

மாணவர்களே! மண்பானை நீர் குளிர்வது ஏன்? கசியும் நீர் ஆவியாகையில் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. காரின் குளிர்சாதனமும் அவ்வாறே ஒரு திரவத்தை ஆவியாக்கி, உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியேற்றுகிறது.

1962-இல் இங்கிலாந்தில் வெளிவந்த எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் காரில் இன்று இதனைப் பொருத்த விழைவோர் எண்ணிப் பார்க்க வேண்டுவன சில உள. கம்பிரஸரைச் சுழற்றும் சுமை அதன் 1,798 கன சென்டிமீட்டர் எஞ்சினையே சாரும். வெப்பத்தை வெளிவிடும் கண்டென்ஸரோ பெரும்பாலும் ரேடியேட்டருக்கு முன்னே அமைகிறது. ஆகவே ரேடியேட்டருக்குச் சூடேறிய காற்றே கிட்டும். விசிறிகளின் மின்தேவைக்கு அக்காலத்து டைனமோ போதாது, ஆல்டர்னேட்டர் வேண்டும்.

இவற்றை முதலில் சீர்செய்யாவிடின், அமர்ந்திருப்பவர் உடல் குளிரும், எஞ்சினோ கொதிக்கும். வெப்பம் அழிவதில்லை, இடம் மாறுகிறது. அது வெளியேற வழி அமைத்த பின்னரே குளிர்ச்சியை நாடுதல் அறிவுடைமை.