வலி வரும்வரை காத்திருப்பதா? மருந்து கொடுப்பதா?
பிரசவம் பற்றி 2 நாடுகளில் நடந்த சோதனை

"டாக்டர் சொன்ன தேதி தாண்டிப் போச்சே, இன்னும் வலி எடுக்கலையே!"

தலைப் பிரசவத்துக்குக் காத்திருக்கும் வீடுகளில் கேட்கும் கவலைக் குரல் இது. வலி தானாக வரட்டும் என்று விடுவதா, மருந்து கொடுத்து வரவழைப்பதா? டாக்டர்களுக்குள்ளேயே இதில் வாதம் உண்டு.

பத்து மாதக் கணக்கு

கடைசி மாதவிலக்கின் முதல் நாளில் இருந்து 280 நாள், அதாவது 40 வாரம். 28 நாளை ஒரு மாதம் என்று வைத்தால், பாட்டிமார் சொல்லும் பத்து மாதம் சரியாக வருகிறது!

6,106 பெண்கள்

மருந்து கொடுத்தால் ஆபரேஷனில்தான் முடியும் என்ற பயம் வெகுகாலம் இருந்தது. அமெரிக்காவில் 41 ஆஸ்பத்திரிகளில் இதைச் சோதித்தார்கள். தலைப் பிரசவப் பெண்கள் 6,106 பேர். யாருக்கும் சிக்கல் இல்லை. பாதிப் பேருக்கு 39 வாரம் முடிந்ததும் மருந்து. மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

2018-ல் முடிவு வந்தது. மருந்து பெற்றவர்களில் 100-க்கு சுமார் 19 பேருக்கு சிசேரியன். காத்திருந்தவர்களில் 22 பேருக்கு! ரத்தக் கொதிப்பும் காத்திருந்தவர்களுக்கே அதிகம். குழந்தைகளின் நலத்தில் மட்டும் திட்டவட்டமான வித்தியாசம் தெரியவில்லை.

சோதனை நின்றது

சுவீடனில் 41 வாரத்தில் மருந்து கொடுப்பதையும், 42 வாரம் வரை காத்திருப்பதையும் ஒப்பிட்டார்கள். காத்திருந்த பிரிவில் 6 குழந்தைகள் இறந்தன. மறு பிரிவில் ஒன்றுகூட இல்லை. சோதனை பாதியில் நிறுத்தப்பட்டது. 2019-ல் விவரம் வெளியானது.

சிக்கல் இல்லாதவர்களுக்கு 41 வாரத்துக்கு முன் மருந்து தேவையில்லை, அதைத் தாண்டினால் கொடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை.

எப்படி வரவழைக்கிறார்கள்?

முதலில் கருப்பை வாய் இளகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லாவிட்டால் ஜெல், மாத்திரை அல்லது சிறு பலூன் வைத்து இளக வைப்பார்கள். பிறகு பனிக்குடத்தை உடைத்து, டிரிப்பில் வலி மருந்து ஏற்றுவார்கள். தலைப் பிரசவத்தில் இதற்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். பொறுமை வேண்டும்.

உடனே ஓடவேண்டியது எப்போது?

குழந்தையின் அசைவு குறைந்தாலோ, நீர் உடைந்தாலோ, ரத்தம் போனாலோ தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை உள்ளவர்களுக்குக் கணக்கே வேறு. டாக்டர்தான் நாள் சொல்லவேண்டும்.

ஆரம்ப மாதங்களில் எடுத்த ஸ்கேன் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். வாரக் கணக்கு சரியா என்பதை அதுதான் சொல்லும். நல்ல நாள், நட்சத்திரம் பார்த்து முன்கூட்டியே பிள்ளையை வெளியே கொண்டுவரச் சொல்லாதீர்கள். குழந்தையின் நுரையீரல் பஞ்சாங்கம் பார்த்து வளர்வதில்லை!