முதல் வார முதலிடம்... நம்பலாமா?

பொங்கல் வந்துவிட்டால் போதும்! பெரம்பலூர், அரியலூர் மாவட்டக் கிராமங்களில் கபடிக் களம் சூடு பிடித்துவிடும். டியூப் லைட் கட்டி, மைக் செட் வைத்து, சுண்ணாம்பால் கோடு போட்டு, விடிய விடியப் போட்டி நடக்கும். பக்கத்து ஊர், அடுத்த மாவட்டம் என்று அணிகள் வேன் பிடித்து வந்து இறங்கும். 'இந்த வருஷம் கோப்பை யாருக்கு?' என்று திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தா முதல் அரை டிராயர் பையன் வரை ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள்.

அதே கணக்கை டி.வி.யில் புரோ கபடி லீக் தொடங்கியதும் சொல்வோம். முதல் வாரம் முடிவதற்குள், 'இந்த அணிதான் பலசாலி, அந்த அணி வேஸ்ட்' என்று பட்டியல் போட்டுவிடுவோம். அப்புறம் பள்ளிக்கூடத்தில் ஒரே சண்டைதான்!

சரி, குட்டீஸ்... தொடக்கத்திலேயே பலசாலி அணி எது என்று சொல்லிவிட முடியுமா? வாங்க, பார்க்கலாம்.

ஊர்ப் போட்டி வேறு, லீக் வேறு!

நம் ஊர்ப் போட்டிகள் பெரும்பாலும் 'நாக்-அவுட்' முறையில் நடப்பவை. சீட்டுக் குலுக்கிப் போட்டு, யாருக்கு யார் என்று பிரிப்பார்கள். தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அதனால் அங்கே முதல் ஆட்டமே வாழ்வா, சாவா ஆட்டம்.

லீக் அப்படி அல்ல. ஒவ்வொரு அணியும் பல அணிகளோடு, பல வாரம் மோத வேண்டும். 2014-ல் 8 அணிகளோடு தொடங்கியது புரோ கபடி லீக். 2017-ல் தமிழ் தலைவாஸ் உட்பட 4 புதிய அணிகள் சேர்ந்து, 12 அணிகள் ஆயின. 2022-ல் ஒவ்வோர் அணியும் மற்ற 11 அணிகளோடு இரண்டிரண்டு முறை, ஆக மொத்தம் 22 லீக் ஆட்டங்கள் ஆடியது. 22-ல் 2 ஆட்டம் முடிந்ததும் தீர்ப்புச் சொல்வது எப்படி இருக்கிறது தெரியுமா? காட்டில் மக்காச்சோளம் ஒரு சாண் முளைத்ததும், 'இந்த வருஷம் இத்தனை மூட்டை' என்று எண்ணுவது போல இருக்கிறது! மழை இருக்கிறது, பூச்சி இருக்கிறது, காட்டுப்பன்றி இருக்கிறது. மக்காச்சோளத்துக்குப் பெயர்போன பெரம்பலூர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா என்ன?

ஏறி இறங்கிய தலைவாஸ்

2018 அக்டோபர் 7. சென்னையில் புரோ கபடியின் 6-வது சீசன் தொடங்கியது. தமிழ் தலைவாஸுக்கு எதிரே நின்றது பாட்னா பைரேட்ஸ். தொடர்ந்து மூன்று முறை கோப்பை வென்ற அணி. தமிழக வீரர் தர்மராஜ் சேரலாதன் 2016-ல் தலைமை ஏற்றுக் கோப்பை வாங்கித் தந்தது இந்த அணிக்குத்தான். அவர் ஊர் எங்கே இருக்கிறது தெரியுமா? அரியலூர் மாவட்டத்தின் எல்லையில் ஓடும் கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், தஞ்சாவூர் மாவட்டத்துத் திருச்சனம்பூண்டி!

அப்படிப்பட்ட பாட்னாவை, அஜய் தாக்கூர் தலைமையில் தமிழ் தலைவாஸ் 42-26 என்று சுருட்டிவிட்டது. ரசிகர்களுக்குத் தலைகால் புரியவில்லை. சாம்பியனையே வென்றாயிற்று, கோப்பை நமக்குத்தான் என்று துள்ளினார்கள்.

மறுநாள் அதே சென்னை. உ.பி. யோத்தாவிடம் தலைவாஸ் தோற்றது. அதற்கு அடுத்த நாள் தெலுங்கு டைட்டன்ஸிடம் தோல்வி. அதன் பிறகும் தோல்விமேல் தோல்வி. அந்த சீசனில் அணிகளை ஆறு ஆறாக இரண்டு பிரிவாகப் பிரித்திருந்தார்கள். 'பி' பிரிவில் தமிழ் தலைவாஸுக்குக் கிடைத்தது கடைசி இடம்!

எங்கே தப்பாயிற்று நம் கணக்கு? பாட்னா போன வருஷத்துச் சாம்பியன். 2018-ல் அது பழைய பாட்னாவாக இல்லை. அந்த சீசனில் பிளே-ஆஃப் சுற்றுக்குக்கூட அது வரவில்லை. நாம் வென்றது பாட்னாவின் பழைய பெயரை. அதை வைத்து நம் பலத்தை அளந்துவிட்டோம்.

விழுந்து எழுந்த தலைவாஸ்

இப்போது 2022-க்கு வருவோம். 9-வது சீசன். பவன் ஷெராவத் என்ற அதிரடி ரெய்டரை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு ஏலம் எடுத்தது தமிழ் தலைவாஸ். அதுவரை புரோ கபடியில் யாருக்கும் கிடைக்காத தொகை அது. கேப்டனும் அவர்தான்.

அக்டோபர் 8-ல் பெங்களூருவில் முதல் ஆட்டம். குஜராத் ஜயன்ட்ஸ் அணியோடு மோதல். ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே பவனுக்கு முழங்காலில் அடி. தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த சீசன் முழுவதும் அவரால் களம் இறங்க முடியவில்லை. ஆட்டம் 31-31 என்று சமனில் முடிந்தது. அடுத்து ஹரியானா ஸ்டீலர்ஸிடம் தோல்வி. அதற்கடுத்து யு மும்பாவிடம் தோல்வி. 3 ஆட்டம் முடிந்தும் ஒரு வெற்றிகூட இல்லை.

அந்த வாரத்தில் பலசாலிப் பட்டியல் போட்டிருந்தால் தமிழ் தலைவாஸை எங்கே வைத்திருப்பீர்கள்? கடைசியில்தானே!

ஆனால் நடந்தது வேறு. அணிக்கு அஷன் குமார் என்ற புதிய பயிற்சியாளர் வந்தார். நரேந்தர் என்ற இளைஞர் ரெய்டுப் பொறுப்பைத் தோளில் சுமந்தார். அவருக்கு அதுதான் முதல் சீசன்! ஒரே சீசனில் 240-க்கும் அதிகமான ரெய்டுப் புள்ளிகளை அள்ளினார். சாகர், சாஹில் குலியா போன்ற தடுப்பாட்டக்காரர்கள் எதிரணி ரெய்டர்களை மடக்கிப் பிடித்தார்கள். தமிழ் தலைவாஸ் 5-வது இடம் பிடித்து, முதன்முறையாக பிளே-ஆஃப் சுற்றுக்குள் நுழைந்தது. அங்கே உ.பி. யோத்தாஸோடு நடந்த ஆட்டம் 36-36 என்று சமன். டை-பிரேக்கரில் 6-4 என்று வென்று அரையிறுதி! அரையிறுதியில் புனேரி பல்தானிடம் வெறும் 2 புள்ளி வித்தியாசத்தில், 37-39 என்று தோற்றது.

அமோகமாகத் தொடங்கிய வருஷம் கடைசி இடம். அடிபட்டுத் தொடங்கிய வருஷம் அரையிறுதி. அதே அணிதான் குட்டீஸ்!

பனித்தரையிலும் இதே கதை

இது கபடிக்கு மட்டும் நடப்பது அல்ல. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐஸ் ஹாக்கி என்றால் உயிர். காலில் சறுக்குச் சக்கரத்துக்குப் பதில் கத்தி போன்ற இரும்புத் தகடு பொருத்திய காலணி. பந்துக்குப் பதில் கெட்டி ரப்பர் வட்டு. பனித்தரையில் பக்கத்துக்கு 6 பேர் பறந்து பறந்து ஆடுவார்கள். அங்கே ஒரு சீசனில் ஒவ்வோர் அணிக்கும் 82 லீக் ஆட்டங்கள் இருந்தன. அந்த ஊர்ப் பத்திரிகைகளும் சீசன் தொடங்கிய உடனே வாராவாரம் 'பலசாலி அணிகள்' பட்டியல் போடும்.

2018-ல் தொடங்கிய சீசனில் மொத்தம் 31 அணிகள். 2019 ஜனவரி 3-ம் தேதி காலையில் பட்டியலில் 31-வது இடத்தில், அதாவது கடைசியில் கிடந்தது செயின்ட் லூயிஸ் புளூஸ். 1967 முதல் ஆடி வந்தும் ஒருமுறைகூட ஸ்டான்லி கோப்பையைத் தொடாத அணி. 'இந்த முறையும் அவ்வளவுதான்' என்று ஊரே முடிவு கட்டியது.

ஆனால் அந்த அணிக்கும் நடு சீசனில் புதிய பயிற்சியாளர் வந்திருந்தார். ஜனவரியில் ஜோர்டன் பின்னிங்டன் என்ற இளம் கோல்கீப்பருக்கு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தார்கள். முதலில் இருந்து ஆடிய அந்த ஆட்டத்தில் அவர் ஒரு கோல்கூட விடவில்லை! பிறகு அணி தொடர்ந்து 11 ஆட்டங்களில் வென்றது. ஜூன் மாதம் இறுதிப் போட்டியில் பாஸ்டன் புரூயின்ஸை வென்று கோப்பையைத் தூக்கியது. கடைசி இடத்திலிருந்து கோப்பை வரை ஐந்தே மாதம்!

காசு சுண்டிப் பாருங்கள்!

தொடக்கப் பட்டியல் ஏன் இப்படி ஏமாற்றுகிறது? ஒரு விளையாட்டு விளையாடினால் புரிந்துவிடும்.

வகுப்பில் 12 பேர் சேருங்கள். ஆளுக்கு ஒரு ரூபாய்க் காசு. ஒவ்வொருவரும் 3 முறை சுண்ட வேண்டும். தலை விழுந்தால் வெற்றி, பூ விழுந்தால் தோல்வி. 12 பேரில் ஓரிருவருக்கு மூன்றுமே தலையாக விழ வாய்ப்பு உண்டு. ஏன்? 3 முறை சுண்டும்போது மொத்தம் 8 விதமாக விழலாம். அதில் ஒரு விதம், மூன்றும் தலை. 12 பேரை 8-ஆல் வகுத்தால் ஒன்றரை வருகிறது அல்லவா!

அந்த ஓரிருவர் காசு சுண்டுவதில் பலசாலியா? இல்லையே! எல்லோரும் சமம்தான். அது தற்செயல். அதேபோல 12 அணிகளும் சம பலத்தில் இருந்தால்கூட, ஓர் அணியாவது முதல் 3 ஆட்டங்களையும் வெல்லக்கூடும். இப்போது அதே காசை 22 முறை சுண்டுங்கள். இருபத்திரண்டும் தலையாக விழுமா? 41 லட்சத்துக்கும் அதிகமான விதங்களில் அது ஒரே ஒரு விதம்! ஆட்டங்கள் கூடக்கூட அதிர்ஷ்டம் கரைந்து, உண்மையான பலம் வெளியே தெரியும்.

2019-ல் குஜராத் அணி முதல் 3 ஆட்டங்களையும் வென்றது. அப்போதைய சாம்பியன் பெங்களூரு புல்ஸைக்கூட 42-24 என்று சாய்த்தது. ஆனால் லீக் முடிந்தபோது அது இருந்த இடம் 9!

பட்டியல் போட 5 கேள்விகள்

அப்படியானால் சீசன் தொடக்கத்தில் பட்டியலே போடக் கூடாதா? தாராளமாகப் போடலாம். அதில்தானே சுவாரசியம்! ஆனால் போடுவதற்கு முன் இந்த 5 கேள்விகளைக் கேளுங்கள்.

1. எத்தனை ஆட்டம் முடிந்திருக்கிறது? ஓர் அணி 4 ஆட்டமும் இன்னொன்று 2 ஆட்டமும் ஆடியிருந்தால், மொத்தப் புள்ளியைப் பார்க்காதீர்கள். ஓர் ஆட்டத்துக்கு எத்தனை என்று வகுத்துப் பாருங்கள்.

2. யாரை வென்றது? பழைய பெயரைப் பார்க்காமல், அந்த எதிரணி இந்த வருஷம் எப்படி ஆடுகிறது என்று பாருங்கள்.

3. எவ்வளவு வித்தியாசம்? 'அ' அணி 1 புள்ளியிலும் 2 புள்ளியிலும் தப்பிப் பிழைத்து இரண்டு வெற்றி. ஒரு தோல்வியோ 18 புள்ளியில். 'ஆ' அணி 15 புள்ளியில் ஒரு வெற்றி. 1 புள்ளியிலும் 2 புள்ளியிலும் இரண்டு தோல்வி. பட்டியலில் 'அ' மேலே இருக்கும். ஆனால் கூட்டிக் கழித்தால் 'அ'வுக்கு மைனஸ் 15. 'ஆ'வுக்கு பிளஸ் 12. யார் பலசாலி? முன்பெல்லாம் புரோ கபடியில் 7 அல்லது அதற்குக் குறைவான வித்தியாசத்தில் தோற்றால் ஆறுதலாக 1 புள்ளி கிடைக்கும். 2025 சீசனில் வெற்றிக்கு 2, தோல்விக்கு ஒன்றுமில்லை என்று மாற்றிவிட்டார்கள். அதனால் 'புள்ளி வித்தியாசம்' என்ற கட்டத்தைக் கட்டாயம் பாருங்கள்.

4. ஒருவரை நம்பியா, ஏழு பேரை நம்பியா? 2018-ல் கேப்டன் அஜய் தாக்கூர் 200-க்கும் அதிகமான ரெய்டுப் புள்ளிகள் எடுத்தார். ஆனாலும் அணி கடைசி. 2022-ல் கேப்டன் இல்லாமலே மற்றவர்கள் அரையிறுதி வரை போனார்கள்.

5. யாருக்கு அடி, யார் புதுசு? காயம்பட்டவர் திரும்பி வருவாரா, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் புதியவர் யார் என்று கவனியுங்கள். அடுத்த நரேந்தர் அங்கே இருக்கலாம்!

பட்டியலைப் பென்சிலால் எழுதுங்கள். 5 ஆட்டத்துக்கு ஒருமுறை அழித்து, திருத்தி எழுதுங்கள்.

இது உங்கள் பள்ளி அணிக்கும் பொருந்தும். முதல் ஆட்டத்தில் பாடிப் போன மூன்று முறையும் பிடிபட்டான் என்று ஒரு பையனை, ஒரு பெண்ணை உடனே உட்கார வைத்துவிடுகிறோம். 'உனக்குக் கபடி வராது' என்று ஒரு வார்த்தை. அதோடு கோட்டுப் பக்கமே வராமல் போனவர்கள் எத்தனை பேர்! மூன்று ரெய்டு என்பது மூன்று முறை காசு சுண்டியது போலத்தான். இன்னும் பத்துப் பதினைந்து ரெய்டு கொடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமே! உட்கார வைக்கப்பட்டது நீங்களாகவே இருந்தால், கடைசி இடத்தில் கிடந்து கோப்பை தூக்கிய செயின்ட் லூயிஸை நினைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கும் மைதானத்துக்குப் போய்விடுங்கள்.

அடுத்த சீசன் தொடங்கட்டும். நோட்டும் பென்சிலும் ரெடியா குட்டீஸ்?