முறிந்தது ஒன்று, மாற்றுவது மூன்று

திருச்சி காந்தி மார்க்கெட்டில் காய்கறி ஏற்றும் சிறு வேன் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “பின்சக்கரத்தில் ஒரு ஸ்டட் முறிந்துவிட்டது. பக்கத்தில் இருக்கும் இரண்டையும் சேர்த்து மூன்றாக மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். அந்த இரண்டும் பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. பில்லை ஏற்றுகிறாரோ? போன மாதம் பஞ்சர் ஒட்டியபோது பையன் வீல் ஸ்பானர் மேல் ஏறி நின்றே இறுக்கினான். அவ்வளவு இறுக்கியது எப்படி முறியும்?”

மெக்கானிக் சொல்வது சரி. பையன் ஏறி நின்றதுதான் கோளாறின் தொடக்கமாக இருக்கலாம். ஏன் என்று பார்க்க, ஸ்டட் என்ன வேலை செய்கிறது என்பதில் நம்மில் பலருக்கும் உள்ள ஒரு தவறான எண்ணத்தை முதலில் கழற்ற வேண்டும்.

சுவரில் அடித்த ஆணியில் சட்டை தொங்குவதைப் போல, வண்டியின் எடை ஸ்டட்களில் தொங்குகிறது என்று நினைக்கிறோம். அப்படியில்லை. ரிம்மில் உள்ள துளை ஸ்டட்டைவிடச் சற்றுப் பெரியது. ஸ்டட்டின் நடுத்தண்டு துளைச் சுவரைத் தொட வேண்டிய தேவையே இல்லை. எடையையும் பிரேக்கின் இழுப்பையும் தாங்குவது ரிம்முக்கும் ஹப்புக்கும் இடையே உள்ள உராய்வு. அந்த உராய்வு வர இரண்டும் பயங்கரமாக அழுந்தியிருக்க வேண்டும். அழுத்துவதுதான் ஸ்டட்டின் வேலை. நட்டைத் திருகத் திருக ஸ்டட் நீள்கிறது. நீண்டது சுருங்கப் பார்க்கிறது. அந்தச் சுருங்கும் ஆசைதான் சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. பார்வைக்குத் தடித்த எஃகுத் தண்டு. தொழிலோ ஸ்பிரிங்கின் தொழில்.

எஃகு நீளுமா, எவ்வளவு நீளும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிறு கார்களிலும் சிறு வேன்கள் பலவற்றிலும் இருப்பது 12 மி.மீ. ஸ்டட். கையேடு சொல்லும் திருகுவிசை, கடைமொழியில் ‘டார்க்’, பெரும்பாலும் 100 நியூட்டன் மீட்டரை ஒட்டியிருக்கும். உலர்ந்த மரையில் அவ்வளவு கொடுத்தால் ஒரு ஸ்டட்டில் உண்டாகும் இழுவிசை சுமார் 4 டன். நான்கு ஸ்டட் என்றால் 16 டன். ஒரு டன் வண்டியின் ஒரே ஒரு சக்கரத்துக்கு இது! ஆனால் அந்த 4 டன்னுக்கு ஸ்டட் நீள்வது எவ்வளவு? ரிம்மைப் பிடித்திருக்கும் பகுதி 20 மி.மீ. என்று வைத்தால், வெறும் 0.05 மி.மீ. அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. உங்கள் சக்கரம் வண்டியோடு இருப்பதும் தனியே உருண்டு போவதும் அந்த இருபதில் ஒரு பங்கில் இருக்கிறது.

மார்க்கெட்டில் விடியற்காலையில் தக்காளிப் பெட்டிகளை அடுக்கி வேனில் கயிறு கட்டுவதைப் பாருங்கள். கயிறு பெட்டிகளைக் கீழ்நோக்கி அழுத்துகிறது, அவ்வளவே. வளைவில் பெட்டி சரியாமல் நிற்பது பெட்டிக்கும் பெட்டிக்கும் உள்ள உராய்வால். கயிற்றை இழுக்கும்போது பெரும்பகுதி பலம் கொக்கியில் உரசியே வீணாகிறது. கொஞ்சம்தான் சரக்குக்குப் போய்ச் சேர்கிறது. நட்டிலும் அதே கதை: நீங்கள் போடும் பலம் 100 என்றால், ஏறத்தாழ 50 நட்டின் முகத்தில் உரசிப் போகும், 40 மரையில் உரசிப் போகும், மீதி 10 தான் ஸ்டட்டை நீட்டும். கொக்கியில் எண்ணெய் தடவினால் கயிறு வழுக்கிக்கொண்டு வரும். அதே இழுப்பில் தக்காளி நசுங்கும். மரையில் எண்ணெயோ கிரீஸோ இருந்தாலும் அப்படித்தான்: ஸ்பானரில் அதே பலம், ஸ்டட்டில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கூடுதல் இழுவிசை.

புறப்பட்டுக் கொஞ்ச தூரம் போனதும் மூட்டைகள் அமர்ந்துகொள்ளும். நீளமாக இழுபட்டு நிற்கும் நைலான் கயிறு இரண்டு விரற்கடை அமர்வைத் தாங்கிக்கொண்டு இன்னும் விறைப்பாகவே இருக்கும். குட்டை இரும்புச் சங்கிலி உடனே தொளதொளத்துவிடும். நம் ஸ்டட் அந்தக் குட்டைச் சங்கிலி வகை. அதனால்தான் அனுபவமுள்ள ஓட்டுநர் சுங்கச்சாவடி தாண்டி ஓரம் கட்டிக் கயிற்றை மறுபடி இறுக்குகிறார். அதனால்தான் சக்கரம் மாட்டிய 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி பார்க்கச் சொல்கிறார்கள். இதற்கு மேல் இழுத்தால் உவமையே அறுந்துவிடும். கயிறு பிரி பிரியாக விட்டுக் காட்டிய பிறகே அறும். எஃகுக்கு அந்த நல்ல குணம் கிடையாது.

இப்போது பையனுக்கு வருவோம். நல்ல ஸ்டட்டின் தலையில் பெரும்பாலும் 10.9 என்று பொறித்திருக்கும். சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 100 கிலோ இழுத்தால் அறும். அதில் 90 விழுக்காட்டிலேயே நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும் என்று பொருள். 12 மி.மீ. ஸ்டட்டுக்கு மரைப் பகுதியின் பரப்பு ஏறத்தாழ 90 சதுர மி.மீ. ஆகவே 8 டன்னில் நீளும், 9 டன்னில் அறும். 70 கிலோ ஆள் 30 செ.மீ. ஸ்பானரின் நுனியில் ஏறி நின்றால் 200 நியூட்டன் மீட்டரைத் தாண்டுகிறது. ஸ்டட்டில் 8 டன்னுக்கு மேல். மரையில் எண்ணெய் இருந்தால் கேட்கவே வேண்டாம். எல்லை தாண்டி நீண்ட ஸ்டட் திரும்பி வராது. அடுத்த முறை அதை எவ்வளவு இறுக்கினாலும் நம்ப முடியாது. ஏர் கன்னால் ‘டர்ர்’ என்று அடிக்கும் கடைகளிலும் இதே கூத்து, பையனுக்குப் பதில் கம்ப்ரஸர்.

அதிகம் இறுக்கினால் ஆபத்து என்பது எளிதில் புரியும். குறைவாக இறுக்கினாலும் ஸ்டட் முறியும் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். கழன்று விழலாம், ஆனால் முறிவானேன்? சரியாக இறுக்கிய இணைப்பில் வெளிச்சுமை கூடிக் குறையும்போது அதன் பெரும்பங்கை அழுந்தியிருக்கும் ரிம்மும் ஹப்புமே ஏற்றுக்கொள்கின்றன. 4 டன் இழுப்பில் இருக்கும் ஸ்டட்டுக்குக் குண்டும் குழியும் லேசாகத்தான் எட்டும். இறுக்கம் தளர்ந்ததும் அந்தக் காப்பு போய்விடுகிறது. சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போதெல்லாம் ஸ்டட் ஒருமுறை வளைந்து நிமிர்கிறது. திருச்சியிலிருந்து சென்னைக்கு ஒருமுறை போனால் சிறு வண்டியின் சக்கரம் சுமார் 1.9 லட்சம் முறை சுழலும். இப்படி இத்தனை முறை வளைத்தால் எஃகும் களைத்துப் போகும். விரிசல் பெரும்பாலும் நட்டுக்குள் நுழையும் முதல் மரையின் அடியில் தொடங்கும். மொத்தச் சுமையில் மூன்றில் ஒரு பங்கை அந்த ஒரு மரையே தாங்குவதால்.

வரலாறு வேண்டும் என்பவர்களுக்காக: எஃகின் களைப்பை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ரயில் அச்சுகளை வைத்து முறையாக ஆராய்ந்தவர் ஜெர்மானியரான ஆகஸ்ட் வோலர். ஆளுக்கொரு மரை வெட்டிக்கொண்டிருந்த பிரிட்டனில் 1841இல் ஒரே அளவை முன்வைத்தவர் ஜோசப் விட்வொர்த். பழைய லாரிகள் பலவற்றில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை இருந்தது, ஓட ஓடக் கழலாமல் இருக்கட்டும் என்று. நட்டின் இருக்கையும் இறுக்கமும் சரியாக இருந்தால் அது தேவையில்லை என்று தெரிந்ததும் கைவிட்டார்கள். இடது மரை என்று தெரியாமல் எதிர்த்திசையில் திருகி ஸ்டட்டை முறித்தவர்களும் நிம்மதியடைந்தார்கள்.

பக்கத்து இரண்டின் கதை அந்தக் களைப்பிலிருந்தே வருகிறது. ஒரு ஸ்டட் முறிந்த பிறகு அதன் சுமை முதலில் விழுவது இருபுறமும் உள்ளவற்றின் மேல். அவையும் அதே காலால் மிதிபட்டவை, அதே தளர்வில் வளைந்தவை. மரைக்கடியில் விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ரயில்வேயில் அச்சுகளை மீயொலி செலுத்திப் பார்க்கிறார்கள். வேன் ஸ்டட்டுக்கு அந்தச் சோதனை செய்யும் காசில் ஒரு டஜன் ஸ்டட் வாங்கிவிடலாம். கனரக வண்டிகளில் ஒன்று முறிந்தால் பக்கத்து இரண்டையும், இரண்டு முறிந்தால் மொத்தத்தையும் மாற்றுவது வழக்கம். உங்கள் வேன் சக்கரத்தில் மொத்தமே நான்கு என்றால், நான்காவதை மட்டும் விட்டுவைப்பதில் என்ன மிச்சம்?

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை சில. பழையதைப் பின்பக்கமாகத் தட்டி எடுத்து, புதியதன் கழுத்தில் உள்ள வரிப்பற்கள் ஹப்பின் துளையில் நேராகக் கடிக்குமாறு பிரஸ்ஸில் வைத்தோ, வாஷர் அடுக்கி நட்டால் இழுத்தோ முழுதும் உட்கார வைக்க வேண்டும். பாதி உட்கார்ந்த ஸ்டட் ஓட ஓட மீதியும் உள்ளே போகும், அந்த 0.05 மி.மீ. அப்போதே தீர்ந்தது. சுற்றும் ஸ்டட்டை வெல்டிங் வைத்துப் பிடிக்கவே கூடாது. வெல்டிங் சூடு, பதப்படுத்திய எஃகின் பதத்தைக் கெடுத்து விரிசலுக்கு விதை போடும். லேத்தில் கடைந்து தரும் ஸ்டட்டும் வேண்டாம். தொழிற்சாலையில் மரையை வெட்டுவதில்லை, உருளைகளுக்கிடையே அழுத்தி உருட்டுகிறார்கள். மரையின் பள்ளம் அழுந்தியே நிற்பதால் விரிசல் எளிதில் பிறக்காது. சென்னை பாடியில் சுந்தரம் பாஸனர்ஸ் 1960களிலேயே உயர்வலு போல்ட் செய்யத் தொடங்கிவிட்டது. நல்ல ஸ்டட்டுக்கு இங்கே பஞ்சமில்லை.

ஆயுத பூஜைக்கு ரிம்மைக் கழற்றிப் பளபளவென்று பெயின்ட் அடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹப்பில் அமரும் முகத்திலும் நட்டு உட்காரும் குழியிலும் பெயின்ட் வேண்டாம். ஒரு பூச்சே 0.05 மி.மீ. வரும். நாள் போக்கில் அது நசுங்கி உதிர, ஸ்டட் நீண்ட நீளம் அத்தனையும் அதில் கரைந்துவிடும். துருவும் சேறும் அதே வேலையைச் செய்யும். கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு மாட்டினால் போதும்.

‘கழலவே கழலாத’ நட்டு, நிறம் பூசிய ‘ரேசிங்’ நட்டு என்று காணொளிகளில் கூவி விற்கிறார்கள். 1969இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் நட்டு ஏன் தானாகக் கழல்கிறது என்று காட்டினார். மரை ஒரு சரிவு. உராய்வுதான் நட்டைச் சரிவில் நிறுத்துகிறது. இணைப்பு பக்கவாட்டில் நழுவும் கணத்தில் உராய்வு அந்தத் திசையில் செலவாகிவிட, நட்டு சரிவில் இறங்குகிறது. நழுவலைத் தடுப்பது இறுக்கம் ஒன்றுதான். இணைப்பை அப்படிப் பக்கவாட்டில் நழுவவைத்து நடந்த சோதனைகளில் நாம் பயபக்தியோடு மாட்டும் ஸ்பிரிங் வாஷரே பெரிதாகப் பயன் தரவில்லை. பஸ் சக்கரங்களில் தெரியும் மஞ்சள் பிளாஸ்டிக் அம்புகள் நட்டு நகர்ந்தால் காட்டிக்கொடுக்கும், நிறுத்தாது. அவையாவது தம் வேலை இன்னதென்று பொய் சொல்வதில்லை.

ஆகவே மூன்றோ நான்கோ மாற்றுங்கள். மரையில் எண்ணெய் விடாதீர்கள். நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி, டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள். 50 கிலோமீட்டர் கழித்து நீங்களே ஒருமுறை பாருங்கள். அதற்குச் செலவில்லை என்பதால் அதை யாரும் விளம்பரம் செய்வதில்லை.