வலி குறைந்த வாரத்தில்தான் கவனம் வேண்டும்!
மூல அறுவை சிகிச்சைக்குப் பின் தெரிந்திருக்க வேண்டியவை

"என்ன அண்ணாச்சி, ஆளையே காணோம்?"

"முதுகுவலி தம்பி. டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லிட்டாரு."

மூலத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டு வீட்டுக்கு வந்தவர்களில் பலர் தெருவில் சொல்லும் பதில் இது. கரிவலம்வந்தநல்லூர் போன்ற ஊர்களில் குடல்வால் ஆபரேஷன் என்றால் சொந்தபந்தம் எல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து பார்க்கும். மூலம் என்றால் வீட்டுக்குள்ளேயே மூச்சு விடமாட்டார்கள். அதனால், வீடு திரும்பிய பிறகு ஏதாவது ஒன்று வழக்கத்துக்கு மாறாக நடந்தால், யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நோயாளி தனக்குள்ளேயே வைத்துப் புழுங்குகிறார்.

சங்கரன்கோவில் வட்டாரம் விசைத்தறிக்குப் பேர்போனது. தென்காசி மாவட்டத்தில் பீடித்தட்டை மடியில் வைத்து மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கும் பெண்களும் ஏராளம். எழுந்து போனால் வேலை கெடும் என்று தண்ணீரைக் குறைத்து, வந்த மலத்தையும் அடக்குகிறவர்களுக்கு மலச்சிக்கலும், அதைத் தொடர்ந்து மூலமும் வருவதில் வியப்பில்லை. வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலியும் இல்லை. ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் ஆனதும், 'வலி குறைந்துவிட்டது, கிளம்பலாம்' என்ற எண்ணம் வருவது இதனால்தான். அந்தச் சமயத்தில்தான் நிதானம் தேவை.

புண்ணைத் தைக்காமல் விடுவது ஏன்?

லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் மில்லிகன், மோர்கன் ஆகியோர் 1937-ல் விவரித்த முறை இன்றும் பரவலாகச் செய்யப்படுகிறது. மூல முளைகளை அறுத்து, அவற்றின் வேரில் உள்ள ரத்தக்குழாயைக் கட்டிவிட்டு, புண்ணைத் தைக்காமல் திறந்தே விடுவார்கள். உள்ளே சீழ் தங்காமல் அடியிலிருந்து ஆறிவர 4 முதல் 6 வாரம் பிடிக்கும். மலம் கழிக்கும்போது எரிச்சல், சொட்டுச் சொட்டாக ரத்தம், உள்ளாடையில் படியும் மஞ்சள் நீர், ஓரத்தில் தோல் வீக்கம், சில வாரங்களுக்குக் காற்றை அடக்க முடியாமை இவையெல்லாம் ஆறுகிற புண்ணின் போக்கு. கட்டிய நூல் தானாக விழுந்தாலும் பயப்பட வேண்டாம். இத்தாலிய மருத்துவர் லாங்கோ 1998-ல் விவரித்த ஸ்டேப்ளர் முறையில் வலி குறைவு. ஆனால் கவனமாக இருப்பதில் அதற்கும் விலக்கு இல்லை.

இரண்டாவது வார ரத்தப்போக்கு

முதல் வாரத்து வலி ஆளை உலுக்கினாலும் பெரும்பாலும் ஆபத்தில்லாதது. வலி அடங்கிய பிறகு, 7 முதல் 14 நாட்களுக்குள், ரத்தக்குழாயைக் கட்டிய இடத்தில் இறந்த திசு உதிரும்போது நூறில் சிலருக்குத் திடீரென ரத்தம் கொட்டலாம். மலம் வருவதுபோல் முட்டும். போய் உட்கார்ந்தால் கட்டி கட்டியாக ரத்தம் மட்டும் வரும். கண் இருட்டும், வேர்க்கும். தறிக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கும்போதோ, பஸ் இல்லாத நடுராத்திரியிலோ இது வந்தால் என்ன ஆகும்? உடனே படுத்துவிட வேண்டும். சுத்தமான துணியை மடித்து அழுத்திக்கொண்டு 108-ஐ அழைக்க வேண்டும். மயக்க மருந்து கொடுக்க நேரலாம் என்பதால் எதுவும் சாப்பிடக் கூடாது. பைக்கில் ஏறவே கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் இதய நோயாளிகள் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும்.

யாரும் எதிர்பார்க்காதவை

முதுகுத்தண்டில் மரத்துப்போக ஊசி போட்டவர்களில் சிலருக்கு ஓரிரு நாளில் மண்டையைப் பிளக்கும் தலைவலி வரும். எழுந்து உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். ஊசி போட்ட மருத்துவமனைக்குத் தகவல் சொன்னால் இதற்குச் சிகிச்சை உண்டு.

ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் பிரியாமல் அடிவயிறு உப்பினால் காத்திருக்கக் கூடாது. காய்ச்சல், சிறுநீர் அடைப்பு, நாளுக்கு நாள் ஏறும் வலி மூன்றும் சேர்ந்தால் கடுமையான தொற்றாக இருக்கலாம். அபூர்வம்தான், ஆனால் உயிருக்கே ஆபத்தானது.

பேதி போலத் தண்ணீராகக் கசிவதும் ஏமாற்றும். நாலைந்து நாள் போகாத மலம் உள்ளே கெட்டியாக அடைத்திருக்க, அதன் ஓரமாக நீர் ஒழுகுவதாக இருக்கலாம். அப்போது பேதியை நிறுத்தும் மாத்திரை போட்டால் நிலைமை மோசமாகும். சில மாதங்களுக்குப் பின் மலம் மெலிந்து, முக்கிப் போக வேண்டிவந்தால் ஆசனத் துவாரம் சுருங்குவதாக இருக்கலாம். தொடக்கத்திலேயே காட்டினால் எளிதில் சரிசெய்யலாம். புண் முழுக்க ஆறிய பிறகும் ரத்தம் வந்தால், 'மூலம்தானே' என்று விடாமல் பெருங்குடல் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். குடல் புற்றுநோயும் ரத்தமாகத் தலைகாட்டும்.

பத்தியம் எது?

பத்தியம் என்று ரொட்டி, பால், ரசம் சோறு மட்டும் கொடுப்பது நம் வீட்டு வழக்கம். அதில் நார்ச்சத்து ஏது? பயந்து பட்டினி கிடப்பவர்களுக்கும் மலம் இறுகும். சில வலி மாத்திரைகளும் இறுக்கும். கம்பு, கேப்பை, கீரை, வாழைத்தண்டு, கொய்யா, தாராளமாகத் தண்ணீர் இவைதான் இங்கே பத்தியம். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் தண்ணீர் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மலம் இளக மருத்துவர் எழுதிய மருந்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது.

அகலமான பேசினில் கை பொறுக்கும் வெந்நீர் ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்தால் இறுகிய தசை தளரும், வலியும் குறையும். டெட்டால் வேண்டாம். துத்தி இலையை அரைத்துத் திறந்த புண்ணில் வைத்துக் கட்டவும் வேண்டாம். பஸ் ஸ்டாண்டு சுவரில் 'மூலம், பௌத்திரம்' என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கும் இடங்களுக்குப் போய், ஆறிவரும் புண்ணில் ஊசி போட்டுக்கொள்ளவே வேண்டாம். சங்கரன்கோவிலில் அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சந்தேகம் கேட்க 104 இருக்கிறது.

தெருவுக்கு முதுகுவலி என்றே சொல்லிக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் வீட்டில் ஒருவருக்காவது எல்லாம் தெரிந்திருக்கட்டும்: என்ன ஆபரேஷன், எந்தத் தேதி, என்னென்ன மாத்திரை, டிஸ்சார்ஜ் சீட்டு எங்கே இருக்கிறது. ராத்திரியில் நீங்கள் மயங்கிக் கிடந்தால், டாக்டர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லப்போவது அவர்தான்.